காப்பக வாசலில் வசந்தி அக்கா

வசந்தி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, அவருடைய பெயரிலேயே எனக்கு வந்தது.

மதியம் மகள் மித்ராவுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஓர் அறிவிப்பு. மென்பொருள் குறைகளைப் பற்றி நாங்கள் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் அக்கா ஏதோ எழுதியிருக்கிறார் என்று திறந்தேன். ஆங்கிலத்தில் சில வரிகள்தான். நான் அவருடைய தம்பி, என் அக்கா இன்று காலை காலமானார், தயவுசெய்து எல்லோருக்கும் தெரிவிக்கவும் என்று இருந்தது.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. யாரோ அக்காவின் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களின் புத்தி அப்படித்தான் போகும். அக்கா அங்கே எதை எழுதினாலும் அவருக்கே உரிய மின்கையொப்பம் கூடவே இருக்கும். இதில் அது இல்லை. எச்சில் கையோடு அவர் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தது தம்பி செந்தில்.

“ஆமாங்க, காலைலதான். அக்கா லேப்டாப் தொறந்தே கெடந்துச்சு. யாருக்குச் சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதுலயே போட்டுட்டேன். தப்புங்களா?”

“தப்பில்லைங்க” என்றேன். பக்கத்தில் மித்ரா அடுத்த வாய்க்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அக்காவை எழுத்தில் மட்டும் அறிந்தவர்கள். தஞ்சாவூரில் மாதம் ஒருமுறை கூடும் நம் நிரலாளர் நண்பர்களில் சிலருக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல், டீ வந்ததும் எழுந்து போய்விடும் பெண்ணாக நினைவிருக்கும். ஊர் திருக்காட்டுப்பள்ளி. அப்பா ஊரார் வயலில் வேலை செய்து இவரைப் பொறியியல் படிக்க வைத்தார். அக்கா சென்னையில் சில வருடம் வேலை பார்த்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திரும்பி வந்தவர், வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் அந்த லைப்ரரியை எழுதினார். மற்ற நிரலாளர்கள் இலவசமாக எடுத்துத் தங்கள் செயலிகளில் பொருத்திக்கொள்ளும் ஆயத்த நிரலுக்குத்தான் எங்கள் பேச்சில் லைப்ரரி என்று பெயர். அவருடையது அனுமதி டோக்கன்களைச் சரிபார்க்கும் லைப்ரரி. பார்த்தேயிராத ஊர்களில் எல்லாம் அதைப் பயன்படுத்தினார்கள்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது என் பயம்தான்.

மித்ராவுக்கு இரண்டரை வயதானபோது நான் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம். மற்ற அம்மாக்கள் சமையலறையையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுச் சேர்த்தார்கள். நான் அதையும் பார்த்தேன். பிறகு, பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்யும் அவர்களுடைய செயலியையும் பிரித்துப் பார்த்தேன். என் கணவர் சிரித்தார். “நீ சேக்கப் போறியா, ரெய்டு பண்ணப் போறியா?” என்றார்.

அந்தச் செயலி இப்படி வேலை செய்யும். ‘மித்ராவை அழைத்துச் செல்லலாம்’ என்ற டோக்கன் என் கைபேசியில் இருக்கும். மாமனாரை அனுப்ப வேண்டுமென்றால், ‘இன்று மட்டும், நாலு மணிக்குள், இவர் மட்டும்’ என்று வரம்புகளைச் சேர்த்து அவருக்கு அனுப்பலாம். அவர் இன்னும் வரம்பு சேர்க்கலாமே தவிர, நான் போட்டதை எடுக்க முடியாது. நேரமாகிவிட்டால் காப்பக அலுவலகம் மட்டும் ஓர் ஒட்டுச்சீட்டு சேர்த்து, கையொப்பமிட்டு, அனுமதியை நீட்டிக்கலாம். அழகான ஏற்பாடு. மித்ராவைச் சேர்த்துச் சில வாரங்கள் கழித்து, மாமனாருக்கு அனுப்பிக் காலாவதியாகியிருந்த டோக்கன் ஒன்றை எடுத்தேன். ஒட்டுச்சீட்டு ஒன்றை நானே எழுதினேன். நானே உருவாக்கிய ஒரு சாவியால், அதாவது மின்கையொப்பமிட உதவும் ரகசியக் குறியீட்டால், கையொப்பமிட்டு ஒட்டினேன். திரை பச்சையாகி, ‘அழைத்துச் செல்லலாம்’ என்றது.

கோளாறு செயலியில் இல்லை, அதற்குள் இருந்த லைப்ரரியில். ஒட்டுச்சீட்டின் கையொப்பம் அசலா என்று அது பார்த்தது. அது யாருடைய கையொப்பம் என்று பார்க்கவில்லை. அப்படியென்றால், எப்போதோ ஒருநாள் அனுமதி வாங்கிய எவரும் எந்த நாளும் வந்து பிள்ளையை அழைத்துப் போகலாம்.

லைப்ரரியின் சொந்தக்காரருக்கு ‘டியர் சார்’ என்று தொடங்கி ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் பெயருக்குப் பதில் ஏதோ எழுத்துகளும் எண்ணும்தான் இருந்தன. எங்கேயோ ஐரோப்பாவில் தாடி வைத்த ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணியில் ‘டியர் சார்’ என்றே பதில் வந்தது. நீங்கள் சொல்வது சரி, தொலைபேசியில் பேச முடியுமா என்று கேட்டு ஓர் இந்திய எண். அழைத்தேன். பெண் குரல். இருவரும் நல்ல பிள்ளைகளாக ஆங்கிலத்தில் பேசினோம். திடீரென்று அந்தப் பக்கம் ஒரு கத்தல்.

“ஏய் செந்திலு! ரோட்டுல காயப்போட்ட நெல்ல மாடு மேயுது பாரு! புடிச்சுக் கட்டுடா அத!”

குறுவை அறுவடைக் காலம். மழைக்கு நடுவில் ஒருநாள் வெயில் கிடைத்தால் எங்கள் பக்கம் சாலை முழுதும் நெல்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நீங்க எந்த ஊருங்க?” என்றேன்.

“திருக்காட்டுப்பள்ளி. நீங்க?”

“தஞ்சாவூர்.”

அவர், “அடக் கடவுளே, இந்தா இருக்குற ஊருக்கா டியர் சார், டியர் சார்னு எழுதிக்கிட்டுருந்தோம்?” என்றார். அன்றிலிருந்து கடைசிவரை என்னைச் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்.

குறையை அவர் மழுப்பவே இல்லை. “திருக்காட்டுப்பள்ளி நிலத்துக்குக் குடவாசல் வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டு அடங்கல் குடுத்தா வாங்குவாங்களா? நான் எழுதுன புரோகிராம் வாங்கிருக்கு. கையெழுத்து அசலு, போய்ட்டு வாங்கன்னு அனுப்பிருக்கு” என்றார். யார் எழுதிய பகுதி அது என்று கேட்டேன். “நான்தான். சாட்சிக்கு ஆள் தேட வேணாம்.”

சிக்கல் அதற்குப் பிறகுதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஓட்டை தெரிந்தால், அடைப்பு தயாராகும்வரை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். செயலியைச் செய்த நிறுவனத்துக்கு அக்கா அன்றே எழுதினார். திருத்தம் வந்ததும் போட்டுக்கொள்கிறோம், அதுவரை நிறுத்த முடியாது என்று பதில் வந்தது. அக்கா எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரம் ஆகும் என்றார். காப்பகத்தில் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அங்கே கவிதா என்று ஓர் அம்மா உண்டு. கணவரோடு பிரிந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கணவர் கைபேசியில் பழைய டோக்கன் ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தெரியும். முன்பு தினமும் மகனை அழைத்துப் போக வந்தவர் அவர்தான். இதையும் அக்காவிடம் சொன்னேன். “நான் லீவு போட்டு மித்ராவ வீட்டுலயே வச்சுக்குறேங்க, ஒரு வாரந்தானே” என்றேன்.

“வச்சுக்குங்க சார். மத்த புள்ளைங்கள யாரு வீட்டுல வச்சுக்குறது?”

அவரே தொடர்ந்து, “காலைல எத்தன மணிக்குப் புள்ளைங்கள விடுவாங்க?” என்று கேட்டார்.

மறுநாள் காலை பழைய பேருந்து நிலையத்தில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த உருவம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோளில் லேப்டாப் பை, கையில் எனக்காக ஒரு சீப்பு பூவம்பழம். சர்வர் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமே என்று வழியில் யோசனை சொன்னேன். “வேணாம் சார். ரிப்பேர்னா மத்தியானம் சரியாயிடுச்சான்னு கேட்டு மறுபடி போட்டுருவாங்க. அதுவும் இல்லாம, பொய் சொல்லிட்டு அதுக்கு வேற தனியா ஞாபகம் வச்சுக்கணும்” என்றார்.

காப்பக வாசலில் பெற்றோர் கூட்டமாக இருக்கும் நேரம். நிர்வாகி நிர்மலா மிஸ்ஸிடம் அக்கா போய் நின்றார்.

“நீங்க யாரு? கம்பெனி ஆளா?”

“இல்லைங்க. அவங்க பொருத்திருக்குற பூட்டச் செஞ்சவ. பூட்டு சரியில்ல. சரி பண்ணுற வரைக்கும் அதப் பாத்து யார்ட்டயும் புள்ளைய அனுப்பாதீங்க.”

“என்ன சரியில்ல?”

“அதச் சொல்ல மாட்டேன் மிஸ்.”

நிர்மலா மிஸ் என்னைப் பார்த்தார். யாரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்கும் பார்வை. பின்னால் நின்ற ஒரு தகப்பனார், “ஏங்க, ஆபீசுக்கு லேட்டாகுது. ஒங்க சாஃப்ட்வேர்ல தப்புன்னா கம்பெனிக்காரன்ட்டப் போய்ச் சொல்லுங்க. எங்கள ஏன் வாசல்ல நிக்க வைக்கிறீங்க?” என்றார். இன்னொருவர், “என்னன்னும் சொல்ல மாட்டாங்களாம், நம்ம நம்பணுமாம்” என்றார். சிலர் சிரித்தார்கள்.

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “தப்பு எங்க இருக்குன்னு சொல்லக்கூடாதுங்க. சொன்னா வேண்டாதவன் காதுலயும் விழும். ஆனா தப்பு இருக்குன்னு சொல்லலாம். சொல்லியே ஆகணும். தப்பு என்னோடது. நான் எழுதுனது. ஒரு வாரம் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க, இல்ல வர்றவங்க யாருன்னு போன்ல மிஸ்ஸுட்ட ஒங்க வாயால சொல்லுங்க. திட்டணும்னா என்னத் திட்டுங்க, கேட்டுக்குறேன்.”

திட்டினார்கள். ஆனால் ‘நான் எழுதுனது’ என்று ஒருவர் நின்று சொன்ன பிறகு யாராலும் சும்மா போக முடியவில்லை. நிர்மலா மிஸ் உள்ளே போய் டேப்லெட்டை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். “ஒரு வாரந்தான்மா. அதுக்கு மேல என்னால ஒவ்வொருத்தருக்கும் போன் போட முடியாது” என்றார்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. பேசிய நேரம் முழுதும் அவர் வாசல் கம்பியைப் பிடித்திருந்தார். கம்பி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “நாலு பேருக்கு முன்னாடி என் பேரச் சொல்லக்கூட வராது எனக்கு” என்றார்.

கவிதா அன்று எங்கள் பின்னாலேயே வந்தார். “அக்கா, என் வீட்டுக்காரர்ட்ட பழைய அனுமதி ஒண்ணு இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?”

அக்காவால் ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் மனம் வராது. “ஒங்க மொகத்தப் பாக்காமப் புள்ளைய விட மாட்டாங்கம்மா. சாயங்காலம் நானும் வாசல்லதான் இருப்பேன்” என்றார்.

சொன்னபடி இருந்தார். அந்த வாரம் முழுதும் காலைப் பேருந்தில் வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் திருத்தத்தை எழுதினார். அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் அவர் லேப்டாப், ஒரு பக்கம் என்னுடையது, நடுவில் மித்ராவின் கிரேயான் பெட்டி. அவர் அடைப்பார், நான் உடைக்கப் பார்ப்பேன். “வரப்புல நண்டுவளை ஒண்ண அடைச்சா பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும் சார், நல்லாத் தேடுங்க” என்பார். என் வத்தக்குழம்பு சுமார்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்வார். மித்ரா அவர் முழங்கையில் பச்சைக் கிரேயானால் கோடு இழுத்தால், “இதுதான் கையொப்பம். யாரோடதுன்னு நல்லாத் தெரியுது” என்று அழிக்காமல் விட்டுவிடுவார். நாலு மணி ஆனதும் எழுந்து காப்பக வாசலுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் மாலை கவிதாவின் கணவர் வந்தார். எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். கவிதா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தார். கைபேசியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். எதற்காக வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. “வெறும பாக்க வந்துருக்கலாம் சார். அவருக்கும் புள்ளைதானே” என்றார் அக்கா.

இதற்குள் இன்னொரு தொல்லை வந்தது. வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்று, தங்கள் பக்கம் சரிசெய்யக் கூடுதலாக மூன்று மாதம் வேண்டும், அதுவரை குறை இருப்பதையே வெளியிடக் கூடாது என்று அழுத்தி எழுதியது. அக்கா என்னிடம் காட்டினார். “அறுவடை முடியட்டும்னு மழை காத்துருக்குமா?” என்றார். ஆங்கிலத்தில் மரியாதையாக முடியாது என்று எழுதினார். திருத்தம் முடிந்த அன்றே வெளியிட்டார். அறிவிப்பில் முதல் வரி, இந்தத் தவறு என்னுடையது என்பது. கண்டுபிடித்தவர் பெயரைப் போட வேண்டும் என்றார். என் அலுவலகத்தில் கேள்வி வரும், வேண்டாம் என்றேன். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்த்தால், ‘கண்டறிந்தவர்: மித்ராவின் அம்மா, தஞ்சாவூர்’. எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் மித்ராவின் அம்மாவுக்கு நன்றி எழுதியிருந்தார்கள்.

காப்பகத்தின் பழைய பதிவுகளை நிர்மலா மிஸ்ஸோடு உட்கார்ந்து அலசினோம். யாரும் தப்பாக வந்து அழைத்துப் போகவில்லை. மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “ஒண்ணுமே நடக்கல. இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்றார்.

“கரை ஒடையலங்கறதுக்காக, அடைச்சது வீணுன்னு சொல்லுவீங்களா மிஸ்?”

“நல்லா வாய் பேசுறீங்க” என்றார் மிஸ். ஆனால் அன்று முதல், செயலி பச்சை காட்டினாலும் அவர் வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பிள்ளையை அனுப்புகிறார்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டு மனுஷியாகிவிட்டார். நானும் அவரோடு சேர்ந்து லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். ஓர் ஆடிப்பெருக்குக்குத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தோம். காவிரிப் படித்துறையில் தண்ணீர் தளும்பிப் போகிறது. மித்ரா காலை நனைக்க வேண்டும் என்று குதிக்கிறாள். நான் அவள் கையை விடுவதாக இல்லை. கை சிவந்து அவள் அழத் தொடங்கிவிட்டாள். அக்கா தன் துப்பட்டாவை எடுத்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பில் கட்டி, மறு முனையை என் கையில் சுற்றிவிட்டார். “இந்தாங்க, வரம்பு வச்சாச்சு. மேல் படி மட்டும், துப்பட்டா நீளம் மட்டும். இப்பக் கைய விடுங்க” என்றார். விட்டேன். பயம் போகவில்லை. பிள்ளையின் அழுகை நின்றது.

சென்ற வருடம் ஒருநாள், லைப்ரரிக் குழுவில் எல்லோருக்கும் எழுதினார். ஓர் அறுவைச் சிகிச்சை இருக்கிறது, தான் திரும்பும்வரை அவசரத் திருத்தங்களைத் தஞ்சாவூர்க்காரர் வெளியிடுவார் என்று. எனக்கு அதற்கான அனுமதியை அனுப்பினார். இந்த மாதம் மட்டும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று வரம்பு போட்டிருந்தது. என்ன சிகிச்சை என்று அழைத்துக் கேட்டேன். “ஒடம்புல ஒரு கோளாறு இருக்கு சார். எங்கன்னு கேக்காதீங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வந்தார். என் அனுமதி காலாவதியானது. இந்த வருடம் மறுபடியும் போனார். மறுபடியும் எனக்கு அனுமதி அனுப்பினார். மருத்துவமனையில் பார்த்தபோது குரல் மிகவும் மெலிந்திருந்தது. லைப்ரரியில் யாரோ கேட்ட சந்தேகத்துக்கு நான் எழுதிய பதில் சுற்றி வளைத்து இருக்கிறது, நேராக எழுதுங்கள் என்று சொன்னார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

காரியம் முடிந்த பிறகு செந்தில் அந்த லேப்டாப்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். “பாஸ்வேர்டெல்லாம் எழுதிக் குடுத்துட்டுத்தாங்க போச்சு. நீங்கதான் பாத்துக்குவீங்கன்னு நெனைக்கிறேன்.”

நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இனிமேல் நான் வெளியிடும் திருத்தங்களில் என் கையொப்பம் இருக்கட்டும், அக்காவுடையது அவரோடு நிற்கட்டும் என்றேன். செந்திலுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு லேப்டாப்பைத் துடைத்து அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். லைப்ரரியை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதுவே என் பதில்: நான் பார்க்கிறேன், என் சொந்தச் சாவியோடு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு ஒன்று. கை நடுங்குவது நிற்கட்டும் என்று காத்திராமல், நடுக்கத்தோடேயே வாயைத் திறப்பது.

மித்ரா இப்போது யு.கே.ஜி. பள்ளி வேனின் பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்து, நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறது. அம்மாக்கள் எல்லோரும் தினமும் பார்க்கிறோம். முன்பென்றால் நான் மித்ராவை மட்டும் என் வண்டியில் கொண்டுபோய் விட்டிருப்பேன். திங்கட்கிழமை காலை வேன் வந்து நின்றதும், “கதவு சரியில்லைங்க. சரி பண்ணுற வரைக்கும் யாரும் புள்ளைங்கள ஏத்தாதீங்க” என்றேன்.

“அதெல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கும்மா, டபுள் முடிச்சு போட்டுருக்கேன்” என்றார் ஓட்டுநர்.

“ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்தாங்க” என்றார் எதிர்வீட்டு அம்மா.

“ஆமாங்க, பயம்தான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அப்படியே இன்னொரு தடவை சொன்னேன். அந்த அம்மா கதவையும் கயிற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, படியில் ஒரு காலை வைத்திருந்த தன் மகனைத் தூக்கிக் கீழே இறக்கினார்.